சூழல் வகுக்கும் இணை

களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஈரமான மலைச்சரிவுகளில், நாணலைப் போல மெலிந்து வளரும் மூங்கில் ஒன்று உண்டு. அதன் கணுக்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்துக்குள், எப்போதோ விழுந்த சிறு பிளவு வழியாக ஓர் அங்குல நீளமே உள்ள தவளை நுழைகிறது. அது ஆண். உள்ளிருந்தபடியே குரல் கொடுக்கிறது. பெண் வந்து உட்சுவரில் முட்டைகளை ஒட்டவைத்துவிட்டுப் போய்விடுகிறது. பிறகு முட்டைகளோடு தங்குவது ஆண்தான். இந்த இனத்துக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே வளர்ந்து முழுத் தவளையாக வெளிவரும். அதுவரை தகப்பன் காவல் இருக்கும். ரவோர்கெஸ்டஸ் சலசோடெஸ் என்பது இதன் அறிவியல் பெயர். நூறாண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2011இல் மீண்டும் கண்டறியப்பட்ட இனம் இது. கே.எஸ். சேஷாத்ரி என்ற ஆய்வாளர், காவல் இருக்கும் ஆண்களை அகற்றினால் என்ன ஆகிறது என்று சோதித்தார். முட்டைகள் பெருமளவில் பறிபோயின. அவற்றைத் தின்றவற்றில் முதன்மையானவை அதே இனத்தின் மற்ற ஆண் தவளைகள்.

விலங்குகளின் இணைசேர்க்கை பற்றி நம்மில் பலர் மனத்தில் வைத்திருக்கும் படத்தில் இந்தத் தகப்பனுக்கு இடமில்லை. ஆண் துரத்தும், பெண் தயங்கும். ஆண் விதைத்துவிட்டு நகரும், பெண் சுமந்து வளர்க்கும் என்பதே அந்தப் படம். பள்ளிப் பாடத்திலும் தொலைக்காட்சி வனவிலங்கு நிகழ்ச்சிகளிலும் அது திரும்பத் திரும்ப வருகிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் சேர்ந்த சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. ஓர் உயிர் எப்படித் துணை தேடுகிறது, யார் போட்டியிடுகிறார்கள், யார் தேர்ந்தெடுக்கிறார்கள், யார் குஞ்சைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பவற்றை ஆண், பெண் என்ற பிறவி வேறுபாடு மட்டும் முடிவு செய்வதில்லை. இரை எங்கே கிடைக்கிறது, எதிரி யார், துணைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, விட்டுவிட்டுப் போனால் என்ன நஷ்டம் என்ற சூழலின் கணக்குகளே பெரும்பகுதியை முடிவு செய்கின்றன.

பழைய படம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1871இல் சார்லஸ் டார்வின் மனிதனின் தோற்றத்தையும் பாலினத் தேர்வையும் பற்றிய தன் நூலை வெளியிட்டார். மயிலின் தோகை அதன் உயிர் பிழைப்புக்கு உதவுவதில்லை, மாறாக இடைஞ்சல்தான். அப்படியானால் அது ஏன் உருவானது? பெண்கள் அழகான ஆண்களைத் தேர்ந்தெடுத்ததால் என்றார் டார்வின். விலங்கினப் பெண்ணுக்கு ரசனையும் தேர்வும் உண்டு என்ற எண்ணத்தை அவர் காலத்து அறிஞர்களில் பலர் ஏற்கவில்லை. இயற்கைத் தேர்வை டார்வினோடு சேர்ந்து முன்வைத்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸே இதை எதிர்த்தார். பெண்ணின் தேர்வு என்ற பாதி ஏறக்குறைய நூறாண்டு ஓரங்கட்டப்பட்டுக் கிடந்தது. ஆண்களின் சண்டை என்ற மற்றப் பாதி மட்டும் எல்லோருக்கும் எளிதாகப் பிடித்துப்போனது.

1948இல் ஆங்கஸ் பேட்மன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பழ ஈக்களைப் புட்டிகளில் வைத்து ஒரு சோதனை செய்தார். எத்தனை துணைகளோடு சேர்கிறதோ அதற்கேற்ப ஆண் ஈயின் சந்ததி கூடுகிறது, பெண்ணுக்கு அப்படிக் கூடுவதில்லை என்று அவர் முடிவுக்கு வந்தார். 1972இல் ராபர்ட் டிரிவர்ஸ் அதை எடுத்து விரிவாக்கினார். சந்ததிக்காக அதிகம் செலவழிக்கும் பாலினம் பொறுக்கித் தேர்ந்தெடுக்கும், குறைவாகச் செலவழிக்கும் பாலினம் போட்டியிடும் என்பது அவர் வாதம். முட்டை பெரியது, விந்தணு மிகச் சிறியது. அதனால் பெண் எச்சரிக்கையாகவும் ஆண் ஆவலாகவும் இருக்கும். எளிமையும் வலிமையும் உள்ள வாதம்தான். டிரிவர்ஸ் சொன்னதில் ஆண், பெண் என்பதைவிடச் செலவு என்பதே மையம். படித்தவர்களில் பலர் அந்த மையத்தை விட்டுவிட்டு, ஆண் ஆவல், பெண் தயக்கம் என்ற முடிவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

பேட்மனின் சோதனையை 2012இல் பட்ரீஷியா கோவட்டியும் சகாக்களும் மறுபடி செய்தார்கள். மரபணுப் பரிசோதனை இல்லாத காலத்தில், எந்தக் குஞ்சு யாருடையது என்று அறிய, வெளியே தெரியும் உருவக் குறைபாடுகளைக் கொண்ட ஈக்களைப் பேட்மன் பயன்படுத்தியிருந்தார். தாயின் குறைபாடு, தகப்பனின் குறைபாடு இரண்டையும் பெற்ற குஞ்சுகள் வளரும் முன்பே அதிகமாக இறந்துவிடுகின்றன என்று கோவட்டி குழு கண்டது. எண்ணிக்கையிலேயே சாய்வு இருந்திருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்களில் நின்ற ஒரு சோதனையை அத்தனை காலம் யாரும் திரும்பச் செய்து பார்க்கவில்லை என்பதை நான் கவலையோடுதான் குறிப்பிடுகிறேன். முடிவு எல்லோருக்கும் உவப்பாக இருந்தால் கேள்வி கேட்பவர்கள் குறைந்துவிடுகிறார்கள்.

செலவுக் கணக்கு என்ற மையத்தைப் பற்றிக்கொண்டு குளத்துக்கு வருவோம். அல்லியும் தாமரையும் படர்ந்த நீர்நிலைகளில் இலைமேல் நடக்கும் இலைக்கோழிகளில் பாத்திரங்கள் இடம் மாறியிருக்கின்றன. பெண் உருவில் பெரியது. ஒரு பரப்பைத் தன் எல்லையாகக் காத்து மற்றப் பெண்களை விரட்டுவது அதுதான். அந்த எல்லைக்குள் பல ஆண்கள் தனித்தனியே கூடு வைத்து, அடைகாத்து, குஞ்சு வளர்க்கின்றன. நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள வேம்பனூர் ஈரநிலத்தில் 1990களில் ஸ்டுவர்ட் புட்சார்ட்டும் சகாக்களும் இவற்றை ஆராய்ந்தபோது, ஒரே பெண்ணைப் பங்கிட்டுக்கொள்ளும் ஆண்கள் உரத்துக் கத்தி அதன் கவனத்தைத் தம் பக்கம் இழுக்கப் போட்டியிடுவதைப் பதிவு செய்தார்கள். ஏன் இந்த மாற்றம்? மிதக்கும் இலைமேல் வைத்த கூடு எளிதில் அழியும். தண்ணீர் ஏறினாலோ பாம்போ பறவையோ வந்தாலோ முட்டைகள் போய்விடும். இழந்த முட்டைகளுக்குப் பதிலாக உடனே மறுபடி இடத் தயாராக ஒரு பெண் இருப்பது இருவருக்கும் லாபம். குஞ்சுகள் பொரித்த உடனே தாமே இரை தேடுவதால் காவலுக்கு ஒருவர் போதும். அந்த ஒருவர் ஆணாகிவிட்டது.

நீர்நிலையை விட்டுக் கரையேறி வயல்வெளிக்கு வந்தால் கணக்கு வேறு. தூக்கணாங்குருவி ஆண் பாதிக் கூட்டை முடைந்துவிட்டுப் பெண் வந்து பார்க்கக் காத்திருக்கிறது. பெண் உள்ளே இறங்கிச் சோதித்து ஏற்றால்தான் மீதிக் கூடு முடியும். முடிந்ததும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கிறது. மழைக்காலத்தில் விதைகளும் பூச்சிகளும் ஏராளமாகக் கிடைப்பதால் தாய் ஒருத்தியே குஞ்சுகளை வளர்த்துவிட முடிகிறது. உணவும் துணைகளும் எப்படிப் பரவியிருக்கின்றனவோ அதைப் பொறுத்தே ஒரு துணையா பல துணையா என்பது அமைகிறது என்று ஸ்டீபன் எம்லனும் லூயிஸ் ஓரிங்கும் 1977இல் எழுதினார்கள். ஒரே இனத்துக்குள்ளும் இது மாறும். குஜராத்தின் வேளாவதர் புல்வெளியில் வெளிமான் ஆண்கள் நெருக்கமாகக் கூடி நின்று, ஒவ்வொன்றும் ஒரு சிறு வட்டத்தைக் காத்து, வரும் பெண்களுக்குத் தம்மைக் காட்டுகின்றன. வேறு இடங்களில் அதே வெளிமான்கள் பரந்த எல்லைகளில் தனித்தனியே நிற்கின்றன.

பெண் உண்மையிலேயே தேர்ந்தெடுக்கிறதா என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த தெளிவான விடை கென்யாவில் கிடைத்தது. அங்கே நீண்டவால் விதவைப் பறவை என்றொரு சிறு கறுப்புப் பறவை உண்டு. ஆணுக்கு அரை மீட்டர் வால். 1982இல் மால்டே ஆண்டர்சன் சில ஆண்களின் வாலைக் குட்டையாக வெட்டி, வெட்டிய இறகுகளை வேறு ஆண்களின் வாலில் ஒட்டி நீளமாக்கினார். ஒட்டுவதாலேயே ஏதும் மாறுகிறதா என்று அறிய, இன்னும் சிலவற்றின் வாலை வெட்டி அதே நீளத்துக்குத் திரும்ப ஒட்டினார். பிறகு ஒவ்வோர் ஆணின் எல்லையிலும் புதிதாக எத்தனை பெண்கள் கூடு வைக்கின்றன என்று எண்ணினார். இயற்கையில் எந்த ஆணுக்கும் இல்லாத அளவு நீண்ட வால் பெற்றவற்றுக்கே அதிகக் கூடுகள். டார்வின் சொல்லி நூற்றுப்பதினொரு ஆண்டுகள் கழித்து, கத்தரிக்கோலும் பசையும் கொண்டு செய்த இந்தச் சோதனை அவர் பக்கம் பேசியது.

மயிலிடம் விடை அவ்வளவு நேராக இல்லை. இங்கிலாந்தின் விப்ஸ்நேட் பூங்காவில் மரியன் பெட்ரி குழு 1991இல் வெளியிட்ட ஆய்வில், தோகையில் கண்கள் அதிகமுள்ள ஆண்கள் அதிகப் பெண்களைக் கவர்ந்தன. ஜப்பானில் மரிகோ தகஹாஷி குழு ஏழாண்டுகள் கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் அப்படிப்பட்ட தொடர்பு எதுவும் தெரியவில்லை. இரண்டும் கவனமாகச் செய்யப்பட்டவை. இரண்டுமே மயிலின் தாயகத்துக்கு வெளியே, பூங்காக்களில் நடந்தவை என்பதை நாம் யோசிக்க வேண்டும். நம் வயல்களிலும் குன்றடிகளிலும் அகவித் திரியும் பறவையைப் பற்றிய பேர்பெற்ற விவாதம் நம் மண்ணுக்கு வெளியே நடக்கிறது. இங்கே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

இந்திய மண்ணில் அப்படிச் செய்த வேலை என்ன தரும் என்பதற்கு ஒரு சில்வண்டு சாட்சி. மரச் சில்வண்டு ஆண்கள் சிறகை உரசி இரவில் ஒலி எழுப்பும். பெண்கள் உரத்த ஒலியை நாடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணன் குழு, இவற்றில் சில ஆண்கள் இலையின் நடுவே துளை கடித்து, அதில் தலையை நுழைத்து, சிறகை இலையோடு ஒட்டவைத்துப் பாடுவதை ஆராய்ந்தது. இலை ஒலிபெருக்கியாகிவிடுகிறது. எல்லா ஆண்களும் இதைச் செய்வதில்லை. உருவில் சிறியவையும் குரல் மெலிந்தவையும்தான் அதிகம் செய்கின்றன. 2020இல் வெளியான முடிவுகளின்படி, இலையைக் கொண்டு பாடும் சிறிய ஆண்களிடம் பெண்கள் பெரிய ஆண்களிடம் போவதைப் போலவே போகின்றன. வலியவன் வெல்வான் என்று சொல்லி முடித்துவிட முடியாது. எளியதும் தனக்கென ஒரு வழியைக் கட்டிக்கொள்கிறது. வட அமெரிக்காவின் ஒரு பல்லியினத்தில் ஆண்கள் மூன்று நிறக் கழுத்தோடு மூன்று வழிகளைக் கையாள்கின்றன: ஆரஞ்சு நீலத்தை வெல்லும், நீலம் மஞ்சளை வெல்லும், பெண்ணைப் போலத் தோன்றி ஊடுருவும் மஞ்சள் ஆரஞ்சை வெல்லும். எதுவும் நிரந்தரமாக வெல்வதில்லை என்பதால் மூன்றுமே நிலைக்கின்றன.

பறவைகளில் பெரும்பாலானவை சோடியாகக் குஞ்சு வளர்ப்பவை. அவற்றின் கற்பைப் பற்றி மனிதர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். 1980களின் நடுவில் அலெக் ஜெஃப்ரிஸ் மரபணு ரேகைப் பரிசோதனையைக் கண்டுபிடித்த பிறகு, கூட்டில் இருக்கும் குஞ்சுகளின் தகப்பன் யார் என்று பார்க்க முடிந்தது. ஆஸ்திரேலியாவின் நீலத் தேவதைச் சிட்டுகளில் நான்கில் மூன்று குஞ்சுகள் கூட்டைக் காக்கும் ஆணுக்குப் பிறந்தவை அல்ல. பெண்களே விடியும் முன் வேறு எல்லைகளுக்குப் பறந்துபோய்த் திரும்புகின்றன என்று பின்னர் தெரிந்தது. சோடி சேர்வது ஓர் ஏற்பாடு, தகப்பனைத் தேர்வது இன்னோர் ஏற்பாடு. இரண்டையும் ஒன்றென நினைத்தது நம் பிழை.

இந்த வரலாற்றில் இந்தியக் காடுகளுக்கு மிகப் பெரிய இடம் தந்தது சாம்பல் மந்தி. 1960களின் தொடக்கத்தில் யுகிமாரு சுகியாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் தார்வாடுக்கு அருகே ஒரு காட்சியைப் பதிவு செய்தார். வெளியிலிருந்து வந்த ஆண்கள் ஒரு கூட்டத்தின் தலைவனை விரட்டியடித்தன. தங்கிவிட்ட புதிய தலைவன் கூட்டத்தின் கைக்குழந்தைகளைக் கொன்றது. அதுவரை மந்திகள் சாதுவானவை என்றே எழுதப்பட்டிருந்தது. நெரிசலால் வந்த மனநோய் என்று பலர் ஒதுக்கினார்கள். 1971இல் சாரா ஹிர்டி ராஜஸ்தானின் அபு மலைக்கு வந்தார். பல ஆண்டுகள் பார்த்தபின் 1977இல் தன் நூலை வெளியிட்டார். பால் குடிக்கும் குட்டி இறந்துவிட்டால் தாய் விரைவில் மீண்டும் கருத்தரிக்கும் நிலைக்கு வருகிறது. புதிய ஆணுக்குத் தன் சந்ததியை விதைக்கக் கிடைக்கும் காலம் குறுகியது. கொலைக்குக் காரணம் அந்தக் கணக்குதான் என்றார்.

அந்த ஆய்வில் நான் பெரிதாக மதிப்பது அடுத்த பகுதியை. ஹிர்டி தாய்களையும் கவனித்தார். அவை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கூட்டுச் சேர்ந்து ஆணை எதிர்த்தன. கருவுற்ற பிறகும்கூடப் புதிய ஆணோடு சேர்ந்தன, கூட்டத்துக்கு வெளியே இருந்த ஆண்களோடும் சேர்ந்தன. பிறக்கும் குட்டி தன்னுடையதாக இருக்கலாம் என்று பல ஆண்களுக்கும் தோன்றினால், அவற்றில் எதுவும் அதைக் கொல்லத் துணியாது. பேட்மனின் கணக்குப்படி பெண்ணுக்குப் பல துணைகளால் லாபமில்லை. அபு மலையின் தாய்களுக்கோ குட்டியின் உயிரே அந்த லாபம். ஹிர்டியின் விளக்கத்துக்கு எதிர்ப்பு நீண்ட காலம் தொடர்ந்தது. 1999இல் கரோலா போரிஸ் குழு நேபாளத்தின் ராம்நகரில் சாம்பல் மந்திகளின் மரபணுவைச் சோதித்து, தாக்கிய ஆண்கள் பலியான குட்டிகளின் தகப்பன்கள் அல்ல என்று நிறுவியது. சிங்கம் உட்படப் பல பாலூட்டிகளில் இதே நடத்தை இப்போது பதிவாகியிருக்கிறது. பெண்களைக் கவனிக்கத் தெரிந்த ஒரு கண் வந்த பிறகுதான் பாதிக் கதை தெரிந்தது என்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள நலமுரண் உடலிலேயே எழுதப்படுவதும் உண்டு. வலுக்கட்டாயமான புணர்ச்சி அதிகமுள்ள வாத்தினங்களில் பெண்ணின் கருப்பாதை ஆணின் உறுப்புக்கு எதிர்த்திசையில் முறுக்கிக்கொண்டு, முட்டுச்சந்துகளோடு அமைந்திருப்பதைப் பட்ரீஷியா பிரென்னன் 2007இல் காட்டினார். ஆழ்கடல் தூண்டில் மீன் சிலவற்றில் குட்டி ஆண் பெண்ணின் உடலைக் கடித்துப் பற்றி, இரத்தக் குழாய்கள் இணைந்து, அதன் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. இருளில் இன்னொரு துணையைச் சந்திக்கும் வாய்ப்பு அவ்வளவு அரிது. ஆஸ்திரேலியாவின் ஆன்டிகைனஸ் என்ற எலி போன்ற பைவிலங்கில் ஆண்கள் சில வாரங்கள் ஓயாமல் இணைசேர்ந்து, அந்த ஆயாசத்திலேயே எல்லாம் செத்துப்போகின்றன. அடுத்த தலைமுறை பிறக்கும்போது உயிரோடு ஒரு தகப்பன்கூட இருக்காது.

இன்னும் ஆழத்தில், ஆண், பெண் என்பதே ஓர் உத்தியாகிவிடும் உயிர்கள் இருக்கின்றன. கடல் சாமந்திக்குள் வாழும் கோமாளி மீன் குழுவில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை காத்திருக்கும் சிறியவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும், அடுத்தது ஆணாகும். களவா மீன்களில் பல இனங்கள் நேர்மாறு: பெண்ணாகத் தொடங்கி, வளர்ந்து பெரிதான பின் ஆணாகின்றன. சில உயிர்களுக்கு ஆணே தேவையில்லை. வட அமெரிக்கப் பாலைவனங்களின் சாட்டைவால் பல்லிகளில் சில இனங்கள் முழுக்கப் பெண்கள். இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குப் பூங்காவில் ஆணோடு சேராத கொமோடோ உடும்பு இட்ட முட்டைகள் கருக்கொண்டிருந்தது 2006இல் உறுதியானது.

அப்படியானால் எல்லாமே ஏன் அந்த எளிய வழிக்குப் போகவில்லை? ஆண்களைப் பெறும் தாய், குட்டி பெற முடியாதவர்களுக்குத் தன் உழைப்பில் பாதியைக் கொடுக்கிறாள் என்று ஜான் மேனார்ட் ஸ்மித் கணக்குக் காட்டினார். அந்தப் பெரிய செலவை ஈடுகட்டும் லாபம் என்ன என்பதற்கு நியூசிலாந்து ஏரிகளின் ஒரு சிறு நத்தை துப்புத் தருகிறது. அதில் தன்னந்தனியே பெருகும் பெண்களும் இணைசேர்ந்து பெருகுபவையும் கலந்து வாழ்கின்றன. ஒட்டுண்ணிப் புழுக்கள் அதிகமுள்ள நீரில் இணைசேர்பவை அதிகம் என்று கர்டிஸ் லைவ்லி கண்டார். ஒரே அச்சாக வரும் சந்ததியின் பூட்டை ஒட்டுண்ணி விரைவில் திறந்துவிடும். கலந்து பிறக்கும் சந்ததிக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் பூட்டு மாறுகிறது.

உத்தி சூழலைச் சார்ந்தது என்றால், சூழலை நாம் மாற்றும்போது உத்தி முறிகிறது. இந்தத் துறையைப் பொழுதுபோக்கான விநோதங்களின் தொகுப்பாக யாரும் படிக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மெக்ஸிகோ வளைகுடாவில் பெரிய களவாக்களைத் தொடர்ந்து பிடித்தார்கள். பெரியவை ஆண்கள். காக் களவாவில் 1970களில் ஏறக்குறைய 17 சதவீதமாக இருந்த ஆண்கள் 1990களில் 2 சதவீத அளவுக்குச் சரிந்தன. எத்தனை மீன் மிச்சமிருக்கிறது என்று எண்ணும் நிர்வாகம், எந்தப் பாலினம் மிச்சமிருக்கிறது என்று எண்ணவில்லை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முட்டையிடும் மீன்களைக் காப்பதே நோக்கம். அதற்காகக் குடும்பங்கள் வருமானத்தை இழக்கின்றன. பாலினம் மாறும் இனங்களுக்கு நாள் கணக்கு மட்டும் போதாது. மிகப் பெரிய மீன்களில் ஒரு பகுதி கடலில் விடப்பட வேண்டும்.

கடலாமைகளின் பாலினத்தை மணலின் வெப்பம் முடிவு செய்கிறது. பங்குனி ஆமைக்கு ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸ் நடுப்புள்ளி. அதற்கு மேல் பெண்கள் கூடும், கீழே ஆண்கள் கூடும். அடைகாலத்தின் நடுப்பகுதியில்தான் இது முடிவாகிறது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த பேராமைகளைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், இளம் ஆமைகளில் 99 சதவீதம் பெண்கள். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு, சனவரி தொடங்கி இரவு இரவாக நடந்து முட்டைகளைச் சேகரித்து, பாதுகாப்பான பொரிப்பகங்களில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறது. நாய்களும் விளக்குகளும் நிறைந்த கரையில் அந்த உழைப்பு இல்லாவிட்டால் பல கூடுகள் தப்பியிருக்காது. முட்டையை இடம் மாற்றும் எவரும் பாலினத்தையும் சேர்த்தே தீர்மானிக்கிறார்கள். எவ்வளவு ஆழத்தில் புதைப்பது, எந்த வாரம் முதல் மேலே ஓலைநிழல் போடுவது என்ற முடிவுகள் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்பதை மாற்றும். ஒவ்வொரு பொரிப்பகத்திலும் முட்டைக்குழியின் வெப்பத்தை அடைகாலம் முழுதும் அளந்து, அந்தக் கணக்கைக் குஞ்சுகளின் எண்ணிக்கையோடு சேர்த்தே ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.